லண்டன் ஹோட்டலின் நிலத்தடி ஸ்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த அப்பாவையும் சர்க்கரை உள்ள அம்மாவையும் அனுப்பலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. லண்டனில் நர்ஸாக இருக்கும் உங்கள் அக்கா, அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு அங்குள்ள பழைய பெரிய ஹோட்டல் ஒன்றின் நிலத்தடி ஸ்பாவில் அரை நாள் பதிவு செய்திருக்கிறார். அப்பாவுக்கு 66 வயது. இரண்டு வருடம் முன்பு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பிரஷர் மாத்திரையும் உண்டு. அம்மாவுக்கு 61, சர்க்கரை. மண்ணுக்கு அடியில் மூச்சு முட்டுமோ என்று அப்பா யோசிக்கிறார். "எவளோ ஒருத்திக்க முன்னால துணிய மாத்திட்டுப் படுக்க எனக்கு ஏலாது மக்கா" என்று அம்மா சொல்லிவிட்டார். மார்த்தாண்டத்தில் இருக்கும் நீங்கள் கேட்பது மூன்று: இது ஆபத்தா, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா, ரத்து செய்துவிட்டு ஊருக்கு வந்தபின் இங்கேயே நல்ல உழிச்சில், அதாவது நம் ஆயுர்வேத எண்ணெய்த் தடவல், ஏற்பாடு செய்தால் என்ன. இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆசையாகச் செய்த அக்காவின் மனம் நோகாமலும், வயதானவர்களுக்கு ஒன்றும் ஆகாமலும் இதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் உங்கள் கவலை.

நான் கோட்டாறில் ஆயுர்வேதம் படித்தேன். வளைகுடாவிலும் பிறகு லண்டனிலும் ஹோட்டல் ஸ்பாக்களில் தெரபிஸ்டாக இருந்துவிட்டு, இப்போது தக்கலைப் பக்கம் சிகிச்சை செய்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் உள்ளே இருந்து பார்த்தவள். ஆனால் நான் இதய மருத்துவர் இல்லை. அப்பாவின் இதயம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், ஸ்பாவுக்குள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் அந்த நிலத்தடி விஷயம், ஏனென்றால் உங்கள் வீட்டில் பயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. பத்மநாபபுரம் கொட்டாரத்திலிருந்து (அரண்மனையிலிருந்து) சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிலத்துக்குக் கீழே என்றதும் இருட்டும் அடைத்த காற்றும்தான் நமக்கு நினைவுக்கு வரும். லண்டனில் ஹோட்டல்காரர்கள் கீழே போவதற்குக் காரணம் வேறு. நூறு வருடம் தாண்டிய கட்டடங்கள் பல பாரம்பரியச் சின்னங்களாகப் பட்டியலில் இருக்கும். அனுமதி இல்லாமல் முகப்பை மாற்ற முடியாது, மேலே மாடி எழுப்புவதும் எளிதில்லை. நகரின் நடுவில் பக்கத்தில் இடமும் கிடையாது. நீச்சல் குளமோ பெரும் பாரம். 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று ஒரு குளம் வைத்தால் தண்ணீர் மட்டுமே 120 டன். அதைப் பழைய மாடித் தளத்தின் மேல் ஏற்ற எந்த இன்ஜினியரும் சம்மதிக்க மாட்டார். ஸ்பாவுக்கு ஜன்னலும் தேவையில்லை, வேண்டியது அமைதி. ஆகவே கீழே தோண்டுகிறார்கள்.

மேஃபேர் பகுதியில் உள்ள கிளாரிட்ஜஸ் ஹோட்டல் இதற்கு நல்ல உதாரணம். இப்போதுள்ள கட்டடம் 1898-இல் எழுந்தது. அதன் அடியில் ஐந்து தளங்களைத் தோண்டினார்கள், மேலே ஹோட்டலை மூடாமலே. பெரிய இயந்திரங்களை இறக்க வழியில்லாததால் பெரும்பகுதி களிமண்ணை ஆட்கள் கையால் வெட்டி எடுத்தார்கள். அங்கே இப்போது ஸ்பா நடக்கிறது. வைட்ஹாலில் 1906-இல் கட்டி முடித்த பழைய போர் அலுவலகம், சர்ச்சில் இருந்து வேலை பார்த்த கட்டடம், இந்துஜா குழுமத்தின் கைக்கு வந்து 2023-இல் ராஃபிள்ஸ் ஹோட்டலாகத் திறந்தது. அங்கேயும் 20 மீட்டர் குளத்தோடு ஸ்பா நிலத்துக்குக் கீழேதான். லண்டன் நகரின் வங்கிப் பகுதியில் 2017-இல் திறந்த நெட் ஹோட்டல் முன்பு மிட்லண்ட் வங்கியின் தலைமையகம். அதன் பழைய பாதாளப் பெட்டக அறை, ஆயிரக்கணக்கான லாக்கர்களோடு அப்படியே இன்று ஒரு பார். அக்கா பதிவு செய்தது எந்த ஹோட்டல் என்று நீங்கள் எழுதவில்லை, பரவாயில்லை. இந்த வகை இடங்கள் எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

மூச்சு முட்டுமா என்றால், நிலத்துக்கு அடியில் இருப்பதால் மட்டும் முட்டாது. இதை உறுதியாகவே சொல்கிறேன். நான்கைந்து தளம் கீழே போவதால் காற்றில் ஆக்ஸிஜன் குறைவதில்லை. காற்றை இயந்திரங்கள் வெளியிலிருந்து இழுத்து உள்ளே அனுப்பியபடியும், ஈரக் காற்றை வெளியே தள்ளியபடியும் இருக்கும். அந்த ஏற்பாடு பழுதானால் சுவர் வியர்த்து, பூசணம் பிடித்து, சில வாரங்களில் ஸ்பாவே நாறிப்போகும் என்பதால் நிர்வாகம் மற்ற எதைவிடவும் அதில் கண்ணாக இருக்கும். ஆனால் ஸ்டீம் ரூம் என்ற நீராவி அறைக்குள் நுழைந்த முதல் நிமிடம் மூச்சு கனப்பது உண்மை. அதற்குக் காரணம் ஈரமும் சூடும். கோடை மழைக்கு முந்தைய மத்தியானம் நம் ஊரில் எப்படிப் புழுங்கும், அதைப் பல மடங்காக்கி ஒரு சின்ன அறைக்குள் அடைத்தது போல இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்தால் உடனே சரியாகிவிடும். மூடிய இடம் என்றாலே பதற்றம் வரும் சிலர் உண்டு. லிஃப்டிலோ, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போதோ அப்பா அப்படித் தவித்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் ஸ்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டி வைப்பார்கள், கதவுக்குப் பக்கத்து அறையைக் கொடுப்பார்கள், குப்புறப் படுக்காமலே மசாஜ் செய்வார்கள். இன்னொன்று, தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது, படிதான். மூட்டு வலி இருப்பவர்கள் இறங்கும்போதே படி எங்கே இருக்கிறது, எத்தனை தளம் ஏற வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்தடியில் நான் உண்மையில் கவனிக்கச் சொல்வது தண்ணீரை. குளம் இருக்கும் தளத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் தீட்டுங்கள். கண்ணைக் கரிக்கும் அளவுக்குக் குளோரின் வாடை அடித்தால், "நல்லா மருந்து போட்டிருக்கான்" என்று நம்மவர்கள் திருப்திப்படுவார்கள். விஷயம் நேர் எதிர். குளோரின் மனிதர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் என்ற சேர்மத்தின் வாடை அது. குளத்தில் அழுக்கு கூடிவிட்டது, அல்லது காற்று சரியாக வெளியேறவில்லை என்று அர்த்தம். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் வாடை கடுமையாக உள்ள இடத்தில் உட்காரவே கூடாது.

இரண்டாவது, லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகும். குடிப்பதால் வருவதைவிட, நுண் துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் நுரையீரலில் தொற்றும். கொப்பளிக்கும் வெந்நீர்த் தொட்டியும் ஷவரும் அதற்கு வாகான இடங்கள். இந்த நோயே உலகுக்குத் தெரிய வந்தது ஒரு பழைய நகர ஹோட்டலில்தான். 1976 ஜூலையில் பிலடெல்ஃபியாவின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் நிமோனியாவில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். காரணமான கிருமியை அடுத்த வருடத் தொடக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஹோட்டலின் ஏர் கண்டிஷனிங் வழியாகப் பரவியதாகக் கருதப்படுகிறது. பிரிட்டனில் இப்போது இதற்குக் கடுமையான சட்ட விதிகள் இருக்கின்றன. நல்ல ஸ்பாவில் தண்ணீரை ஒரு நாளில் பல தடவை சோதிப்பார்கள், கேட்டால் அந்தப் பதிவேட்டைப் பற்றித் தயங்காமல் பேசுவார்கள். ஆகவே பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பாவும் அம்மாவும் வயதாலும் சர்க்கரையாலும் இந்தத் தொற்று எளிதில் பிடிக்கும் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஸ்பாவுக்குப் போய் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், அதற்குள் ஊர் திரும்பியிருந்தாலும், டாக்டரிடம் "லண்டனில் ஸ்பா தொட்டியில் இருந்தோம்" என்று தவறாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண நிமோனியாவுக்கான மருந்தோடு நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. லீஜியோனெல்லாவுக்குத் தரும் ஆன்டிபயாடிக் வேறு.

இனி சூடு. உங்கள் கேள்வியின் இதயமே இதுதான். இத்தகைய ஸ்பாவில் பொதுவாக மூன்று வகைச் சூடு இருக்கும். சவுனா உலர்ந்த சூடு, மர அறை, 80 முதல் 100 டிகிரி வரை போகும். ஸ்டீம் ரூம் 40 முதல் 45 டிகிரி சுற்றி, ஆனால் ஈரம் ஏறத்தாழ நூறு சதவீதம். வெந்நீர்த் தொட்டி 36 முதல் 40 வரை. எண்ணைப் பார்த்து ஸ்டீம் ரூம் லேசானது என்று நினைக்க வேண்டாம். சவுனாவில் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும், ஸ்டீம் ரூமில் அது நடக்கவே நடக்காது. தோலுக்கு ரத்தம் பாய்வதற்காக ரத்தக் குழாய்கள் விரியும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100 தாண்டும், நீண்ட நேரம் இருந்தால் 150 வரைகூடப் போகும். உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். எழுந்து நிற்கும்போதுதான் பிரஷர் சட்டென்று இறங்கும். ஸ்பாவில் தலைசுற்றி விழுந்தவர்களை நான் தாங்கிப் பிடித்ததெல்லாம் கதவுக்கு வெளியே இரண்டு அடி தூரத்தில்தான். பிரஷர் மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இறக்கம் இன்னும் வேகமாக வரும்.

சவுனா இதயத்துக்கு நல்லது என்று அக்கா படித்திருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபின்லாந்தின் கிழக்கே குவோப்பியோ பகுதியில் 2,315 நடுத்தர வயது ஆண்களை இருபது வருடம் போல் கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. வாரத்தில் நான்கு முதல் ஏழு நாள் சவுனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சிறு வயது முதலே சவுனாவில் பழகியவர்கள். வாரம் ஏழு நாள் சவுனாவுக்குப் போக முடிகிறவர் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவராகவும் இருக்கலாம், இந்தச் சந்தேகத்தை அந்த மாதிரியான ஆய்வால் தீர்க்க முடியாது. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக, ஒரே ஒரு நாள் உட்காரப் போகிற உங்கள் அப்பாவுக்கு அதை வைத்து நன்மை கணக்குப் போடக் கூடாது. நிலையாக இருக்கும் இதய நோயாளிகள் பலர் மிதமான சூட்டைத் தாங்குகிறார்கள் என்பது மட்டும் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆகவே அப்பா விஷயத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியது இவ்வளவு: நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ இப்போது நெஞ்சில் அழுத்தம் வருகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், இதய வால்வில் சுருக்கம் உண்டா, இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி எப்படி இருக்கிறது. இதில் எதற்காவது சந்தேகமான பதில் வந்தால் சவுனா, ஸ்டீம், வெந்நீர்த் தொட்டி மூன்றும் வேண்டாம். எல்லாம் நன்றாக இருந்து அவர் சம்மதித்தால், சவுனாவில் கீழ்ப் படியில் ஐந்து நிமிடம் போதும். சூடு மேலே ஏறும் என்பதால் கீழ்ப் படிக்கும் மேல்படிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். எழும் முன் ஒரு நிமிடம் காலை அசைத்துவிட்டு, பிடித்துக்கொண்டு எழ வேண்டும். வெளியே வந்து தண்ணீர் குடித்து கால் மணி நேரம் உட்கார வேண்டும். சவுனாவிலிருந்து நேராகப் பனிக்கட்டித் தண்ணீரில் இறங்குவது அங்கே பெரிய விசேஷமாக நடக்கும், அப்பா அந்தப் பக்கமே போகக் கூடாது. விரிந்த குழாய்கள் ஒரே நொடியில் சுருங்கி, பிரஷர் எகிறி, இதயத்தின் மேல் விழும் பாரம் பெரிது. ஹோட்டலில் திருமண நாள் என்று தெரிந்தால் ஷாம்பெயின் கொண்டுவந்து நீட்டுவார்கள். சூட்டுக்கு முன்னாலும் சூட்டுக்கு நடுவிலும் மது கூடாது. நாக்கடி மாத்திரை டாக்டர் கொடுத்திருந்தால் அதை லாக்கரில் பூட்டாமல், பாத் ரோப் (குளியல் அங்கி) பையில் வைத்து, ரோப்பைச் சூட்டறைக்கு வெளியே மாட்ட வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கை கனம், குளிர்ந்த வியர்வை என்று ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் அழைப்பு மணியை அழுத்த வேண்டும். அங்கே அவசர எண் 999, அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

அம்மாவுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கரை குறைந்தால் வியர்க்கும், படபடக்கும், கை நடுங்கும். சூட்டறைக்குள் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, படபடக்கிறது. ஆக சர்க்கரை இறங்குவதை அவரும் கவனிக்க மாட்டார், பக்கத்தில் இருப்பவரும் கவனிக்க மாட்டார். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் சூடு பட்ட தோலிலிருந்து அது வேகமாக ரத்தத்தில் ஏறும், அன்று குத்திய இடத்தின் மேல் மசாஜ் செய்தாலும் அப்படியே. ஆகவே வெறும் வயிற்றோடு போகவே கூடாது. போகும் முன் சர்க்கரை பார்த்துக்கொண்டு, ரோப் பையில் நான்கு மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும். அடுத்தது பாதம். பல வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால் சூடான மரத்தளமும் கொதிக்கும் கால் தொட்டியும் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். பாதத்தில் சின்னப் புண் இருந்தாலும் குளம், தொட்டி எதுவும் வேண்டாம். தாலியைக் கழற்ற அவருக்கு மனம் வராது, கழற்றவும் வேண்டாம். ஆனால் சவுனாவில் தங்கம் சூடேறித் தோலைச் சுடும். கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம், அல்லது அம்மா சவுனாவை விட்டுவிட்டு இளஞ்சூட்டுக் குளத்தில் மட்டும் இருக்கலாம். நானாக இருந்தால் அம்மாவுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மசாஜ் எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்வீடிஷ் முறை, ஒரு மணி நேரம், ஒரு தெரபிஸ்ட், கொஞ்சம் எண்ணெய். பதற்றம் குறையும், அன்று இரவு நல்ல தூக்கம் வரும், தசை பிடிப்பு இளகும். இதற்கு என் கை சாட்சி. தீராத முதுகுவலி அதனால் தீருமா என்பது சந்தேகம்தான். முதுகுவலிக்கு மசாஜ் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015-ஆம் வருடத் தொகுப்பு, குறுகிய காலத்துக்கு நிவாரணம் தெரிகிறது, ஆனால் சான்றுகள் பலவீனமானவை என்றே சொன்னது. நச்சு நீக்கும் என்று மெனுவில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான், அவற்றுக்கு மாற்றாக எந்த எண்ணெயும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை மட்டும் மசாஜுக்கு உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அழுத்தி இறுக்கும் டீப் டிஷ்யூ முறையோ, கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சும் கப்பிங்கோ செய்தால் உடம்பெல்லாம் நீலம் பாரிக்கும். "லைட் பிரஷர்" என்று சொன்னால் போதும். அடுத்தது, திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக லண்டன் என்றால் பல மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் யாரும் அந்தக் காலைத் தொடக் கூடாது. அழுத்தினால் உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே ஸ்பா நாள் வைத்திருந்தால் நான்கைந்து நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், பயண அசதியும் போயிருக்கும்.

அம்மாவின் வெட்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே என்ன நடக்கும் என்று அவருக்கு முன்கூட்டி விவரமாகச் சொன்னாலே பாதி தயக்கம் குறையும். பெண்களுக்குத் தனி உடை மாற்றும் இடம். அதற்குள் கதவு வைத்த சின்ன அறைகளும் இருக்கும், எல்லோர் முன்னும் மாற்ற வேண்டியதில்லை. பிரிட்டனில் ஆண் பெண் சேர்ந்து இருக்கும் குளத்துக்கும் சவுனாவுக்கும் பொதுவாக நீச்சல் உடை கட்டாயம். ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற இடங்களில்தான் உடையே இல்லாமல் உட்காரும் வழக்கம், யாரோ சொன்ன அந்தக் கதை அம்மாவின் காதுக்கு வந்திருக்கலாம். முழுக் கையும் கணுக்கால் வரை காலும் மூடும் நீச்சல் உடைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன, அதை யாரும் அங்கே திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பருத்திச் சுடிதாரோடோ நைட்டியோடோ இறங்க விடமாட்டார்கள், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். தலையில் தேங்காய் எண்ணெயோடு குளத்தில் இறங்கவும் கூடாது. எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், தண்ணீர் கலங்கும். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட்டுப் போகட்டும்.

மசாஜ் அறையில் பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம், கேட்பது அங்கே இயல்பான விஷயம். தெரபிஸ்ட் வெளியே போன பிறகுதான் உடை மாற்றிப் படுப்பது. மேலே பெரிய துண்டு போர்த்தியிருக்கும். கை என்றால் கை, கால் என்றால் கால், அந்தப் பகுதியை மட்டும் விலக்கி, முடிந்ததும் மூடிவிடுவார்கள். உள்ளாடையைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. உடையோடு உட்கார்ந்தபடி தலைக்கும் தோளுக்கும் பாதத்துக்கும் மட்டும் செய்யும் சிகிச்சையும் மெனுவில் இருக்கும். தம்பதிக்கான இரட்டை அறையைக் கேட்டால் அப்பா பக்கத்துக் கட்டிலிலேயே இருப்பார், இரண்டு தெரபிஸ்டுகள் ஒரே நேரத்தில் செய்வார்கள். இத்தனையும் சொன்ன பிறகும் அம்மா வேண்டாம் என்றால், அதோடு விட்டுவிடுங்கள். வற்புறுத்திப் படுக்க வைத்த உடம்பு மேசை மேல் கல்லாக இறுகிக் கிடக்கும், அதைத் தொட்ட எந்தத் தெரபிஸ்டுக்கும் தெரியும்.

போனதும் ஒரு படிவம் தருவார்கள். என்ன நோய், என்ன மருந்து, என்ன அறுவைச் சிகிச்சை என்று இருக்கும். நம்மவர்கள் அதில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுவிடுவார்கள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஸ்பாவில் நடக்கும் அசம்பாவிதங்களில் பெரும்பகுதி இந்தப் படிவத்தில் மறைத்ததிலிருந்து தொடங்குவதாகவே என் அனுபவம் சொல்கிறது. ஸ்டென்ட், ரத்தம் நீர்க்கும் மாத்திரை, சர்க்கரை மூன்றையும் அக்காவே முன்கூட்டி போனில் சொல்லிவிடட்டும். டாக்டரின் கடிதம் கேட்கும் இடங்கள் உண்டு. அது நல்ல இடம் என்பதற்கு அடையாளம். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது சுலபம், அங்கே போன பிறகு கஷ்டம்.

சரி, ரத்து செய்துவிட்டு ஊரில் உழிச்சில் வைத்தால் என்ன? இதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் என் தொழில். நம் ஊர் உழிச்சில் ஒரு மணி நேர உல்லாசம் கிடையாது. நாடி பார்த்து, உடல்வாகுக்கு ஏற்ற எண்ணெய் தேர்ந்து, தோணி என்ற மரத் தொட்டியில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று தடவி, ஏழு நாளோ பதினான்கு நாளோ பத்தியத்தோடு செய்வது. கர்க்கடக மாதத்தில் (ஆடி வாக்கில்) அதற்காகவே ஆட்கள் காத்திருப்பார்கள். அப்பாவின் தோள் வலிக்கோ அம்மாவின் முழங்காலுக்கோ ஏதாவது செய்ய வேண்டுமென்றால் இதுதான் வழி, லண்டன் ஸ்பா இல்லை. ஆனால் ஊர் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிழிச்சலில் உடம்பில் பிழிந்து ஊற்றும் சூடான எண்ணெய், கிழி என்ற மருந்துத் துணி முடிச்சை ஒற்றும் சூடு, அப்புறம் பெட்டிக்குள் உட்கார வைத்து வேது (நீராவி) பிடிப்பது. மேலே சவுனாவுக்குச் சொன்ன ஒவ்வொரு எச்சரிக்கையும் இங்கேயும் பொருந்தும். லண்டனில் படிவம் நீட்டிக் கேட்பார்கள், இங்கே பல இடங்களில் கேட்பதே இல்லை. உடலின் வர்மப் புள்ளிகளை அழுத்திச் சிகிச்சை செய்யும் வர்ம ஆசான்கள் மேல் நம் மாவட்டத்துக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவரின் நெஞ்சிலும் கழுத்திலும் அழுத்தம் கொடுக்க நான் யாருக்கும் சம்மதிக்க மாட்டேன். எங்கே போனாலும் படித்த மருத்துவர் முதலில் பரிசோதித்து, மருந்துச் சீட்டைப் பார்த்த பிறகுதான் எண்ணெய் தொட வேண்டும்.

ஆகவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று யோசிக்காதீர்கள். லண்டனில் ஒரு மணி நேர மசாஜுக்கே 150 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஹோட்டல்கள்தான் இவை. சிகிச்சை என்று பார்த்தால் அந்தப் பணத்துக்குத் தகாது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்காக ஓடியவர்களுக்கு, ஒரு அரை நாள் மற்றவர்கள் பணிவிடை செய்ய, போன் அடிக்காத இடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மகள் நினைத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் தகும் என்றே நான் சொல்வேன். அப்பா அம்மா இருவரும் மனதோடு சம்மதித்தால் போகட்டும். சூடு கூடாது என்று டாக்டர் சொன்னால்கூட முழுவதையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. சூட்டறைகளை விட்டுவிட்டு இரட்டை அறை மசாஜ், இளஞ்சூட்டுக் குளம், ஓய்வு அறை, சாப்பாடு என்று மாற்றிக் கேட்டால் முன்கூட்டிச் சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். கடைசி ஒன்று இரண்டு நாளில் சொன்னால் பணம் திரும்பாது, எனவே விதியை அக்கா இப்போதே படித்துப் பார்க்கட்டும். அரை மணி நேரம் முன்பாகவே போய்ச் சேர வேண்டும், தாமதமானால் மசாஜ் நேரத்திலிருந்துதான் கழிப்பார்கள். சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்ப்பது லண்டனில் சகஜம். அதைப் பார்த்த பிறகு தனியாக டிப்ஸ் கொடுப்பதா என்று முடிவு செய்யலாம்.

அப்பாவின் மாத்திரைப் பட்டியலைச் சிலர் இங்கே போடச் சொல்வார்கள், பொதுவில் போட வேண்டாம். கிளம்பும் முன் அந்தப் பட்டியலோடு இதய டாக்டரைப் பாருங்கள், அம்மாவின் பாதத்தில் உணர்வு எப்படி என்று சர்க்கரை டாக்டரிடம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சூடு கூடும், கூடாது என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையையும் ஸ்பா மெனுவில் என்னென்ன இருக்கிறது என்பதையும் மட்டும் இங்கே எழுதுங்கள். எதை எடுக்கலாம், எதை விடலாம், எந்த வரிசையில் போகலாம் என்று நான் சொல்கிறேன்.